பிஷ்ரு தந்த ஏடு

பள்ளிவாசல் கட்டட நிதிக்காக மலர் ஒன்று வெளியிடப் போகிறோம், நாளைக் காலைக்குள் நாற்பது வரியில் ஒரு கவிதை வேண்டும் என்று கேட்டு வருகின்ற அன்பர்கள் இன்றும் குறைந்தபாடில்லை. முன்பெல்லாம் நேரில் வந்து திண்ணையில் அமர்ந்து கேட்டார்கள். இப்போது கைப்பேசியில் கேட்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. கவிதை என்பது குழாயைத் திருகினால் கொட்டும் தண்ணீரன்று என்று நாம் சொன்னால், "உங்களுக்கென்ன ஹஜ்ரத், உட்கார்ந்தால் வந்துவிடும்" என்று முகமன் கூறிவிட்டு வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்தால் வந்துவிடுமா? எப்பொழுது உட்கார வேண்டும்? வராதபோது என்ன செய்ய வேண்டும்? வராமலே போய்விட்டால், அந்தத் தொழிலை நம்பி மனைவி மக்களைக் காப்பாற்ற முனைந்தவன் எங்கே போவான்?

இந்தக் கேள்விகளைக் கூச்சமின்றி எழுப்பி, விடை கூறவும் முற்பட்டவர்கள் பழைய அரபுத் திறனாய்வாளர்கள். மதரஸாவில் நாம் ஓதிய பலாகத்துக் கிதாபுகள் உவமை எத்தனை வகை, உருவகம் எத்தனை வகை என்று கற்பித்தனவேயன்றி, எழுதுகிறவன் எப்போது எழுத வேண்டும், எப்போது எழுதுகோலைக் கீழே வைக்க வேண்டும் என்று கற்பிக்கவில்லை. அதைக் கற்பிக்கின்ற ஏடு ஒன்று ஜாஹிழ் எழுதிய 'அல்பயானு வத்தப்யீன்' என்னும் பெருநூலின் நடுவே கிடக்கிறது. பல ஆண்டுகளாக அதனைப் படித்தும், படித்ததை உணராமல் இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அந்த ஏட்டின் வரலாறு சுவையானது. இப்ராஹீம் இப்னு ஜபலா என்ற சொற்பொழிவாளர் இளைஞர் சிலரை அமரவைத்துப் பேச்சுக்கலை பயிற்றிக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற பிஷ்ரு இப்னுல் முஃதமிர் சற்று நின்றார். தம்மிடம் கற்றுக்கொள்ளவோ வேடிக்கை பார்க்கவோ நிற்கிறார் என்று இப்ராஹீம் எண்ணினார். பிஷ்ரு அந்த இளைஞர்களை நோக்கி, இவர் சொன்னதையெல்லாம் ஒருபுறம் தள்ளிவிடுங்கள் என்று சொல்லி, தாமே எழுதிய ஏடு ஒன்றை அவர்களிடம் கொடுத்தார். ஓர் ஆசிரியரை அவருடைய மாணவர் முன்னிலையில் இப்படிச் செய்வது நம் மதரஸா ஒழுங்கின்படி அடாத செயல். ஆனால் அந்த ஏடு படித்துக் காட்டப்பட்டபோது, இந்தப் பிள்ளைகளைவிட எனக்கே இது அதிகம் தேவை என்று இப்ராஹீம் கூறினாராம். அந்த ஒரு சொல்லால் இப்ராஹீம் நம் உள்ளத்தில் உயர்ந்து நிற்கிறார்.

பிஷ்ரு பக்தாதில் முஃதஸிலாக்களின் தலைவராக விளங்கியவர், ஹிஜ்ரீ 210இல் (கி.பி. 825) காலமானார். அகீதாவில் அவருடனும் ஜாஹிழுடனும் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு கதை. எழுத்தின் கலை பற்றிப் பேசும்போது அவர்களிடம் கற்றுக்கொள்ளாமல் விடுவது நமக்குத்தான் இழப்பு.

ஏடு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லைப் பற்றியோ பொருளைப் பற்றியோ பேச்சே இல்லை. நேரத்தைப் பற்றித் தொடங்குகிறது. உன் ஊக்கம் எழுந்து நிற்கின்ற நேரத்தை, மனம் ஓய்ந்து நீ அழைத்தால் வருகின்ற நேரத்தை உனக்காக எடுத்துக்கொள் என்கிறது. அந்தச் சிறிது நேரத்தில் பிறப்பது, நெடும்பகல் முழுவதும் வருந்தியும் வற்புறுத்தியும் பெறுவதைவிடச் சாரத்தால் உயர்ந்தது, செவிக்கும் இனியது என்று சொல்கிறது. அதன் பிறகுதான் கரடுமுரடான சொல்லாட்சியின் கேட்டையும், உயர்ந்த பொருளுக்கு உயர்ந்த சொல்லைத் தேட வேண்டிய தேவையையும் எடுத்துப் பேசுகிறது. அரபு மொழியில் பலாகத்துக் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்த ஏட்டை அறிஞர்கள் எண்ணுவர். அந்தத் தொடக்கமே எழுதுகிறவனின் உடலையும் அவனுடைய களைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அமைந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இப்படி நினைத்தவர் பிஷ்ரு ஒருவரல்லர். இப்னு குதைபா (ஹிஜ்ரீ 276) தம் கவிஞர் வரலாற்று நூலின் முன்னுரையில், கவிதை விரைந்து வருகின்ற வேளைகள் உண்டு என்று சொல்லி அவற்றை எண்ணிக் காட்டுகிறார்: உறக்கம் கவ்வுவதற்கு முந்திய முன்னிரவு, பகலுணவுக்கு முந்திய முற்பகல், மருந்து குடித்த நாள், பயணத்திலும் அடைபட்ட இடத்திலும் கிடைக்கின்ற தனிமை. மருந்து குடித்த நாள் எதற்கு என்று கேட்பவர்கள், நம் ஊர்ப் பெரியவர்கள் வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு, கஞ்சியோடு இலேசாக இருந்த நாள்களை நினைத்துக்கொள்ளட்டும். தமீம் குலத்தின் தலைசிறந்த கவிஞராகிய ஃபரஸ்தக்கே, சில வேளைகளில் ஓர் அடி பாடுவதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது தமக்கு எளிது என்று சொன்னதாகவும் அவர்தாம் பதிவு செய்கிறார். ஹிஜ்ரீ 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ரஷீக், 'அல்உம்தா' என்ற நூலில் கவிதை செய்வதற்கும் கருத்தைக் கூர் தீட்டுவதற்கும் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அபூ தம்மாம் இளைஞரான புஹ்துரீக்குச் சொன்னதாக அவர் எடுத்தெழுதுகின்ற அறிவுரை, கவலை குறைந்த வேளையைத் தேர்ந்துகொள் என்று தொடங்கி, ஸஹர் நேரத்தைச் சிறப்பித்துக் கூறுகிறது. காரணம் என்ன? உள்ளம் அதற்குள் ஓய்வில் தன் பங்கையும் உறக்கத்தில் தன் கூற்றையும் பெற்றுவிட்டிருக்கும் என்பது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஸஹர் நேரத்துக்கு விழித்திருக்கச் சொல்லவில்லை. உறங்கி எழச் சொல்கிறார். இரண்டும் ஒன்றென எண்ணி ஏமாந்தவர்கள் பலர். அந்த ஏமாற்றத்தை வளர்த்தவர்களில் நாமும் ஒருவர்.

(அபூ தம்மாம் தாம் சொன்னபடி தாமே நடந்தாரா என்றால் இல்லை. தண்ணீர் தெளித்த அறை ஒன்றில் இப்புறமும் அப்புறமும் புரண்டுகொண்டிருந்த அவரைக் கண்ட ஒருவர், வெயிலின் கொடுமையோ என்று கேட்க, இல்லை, ஓர் அடி அகப்படவில்லை என்றாராம். அதையும் 'அல்உம்தா'தான் சொல்கிறது. உபதேசிகளின் நிலை எக்காலத்தும் அப்படித்தான் போலும்.)

இனி நம் தவற்றுக்கு வருவோம்.

நம் இலக்கிய மேடைகளில் அரபுக் கவிஞரின் உழைப்புக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டுமானால் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று, கஅபு (ரலி) அவர்களின் தந்தையாரான ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா ஒரு கவிதைக்கு ஓராண்டு உழைத்தார், அவற்றுக்கு 'ஹவ்லிய்யாத்' என்றே பெயர் என்பது. மற்றொன்று, இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் நாற்பது ஆண்டுகள் நாளொன்றுக்கு நாற்பது ஏடு எழுதினார்கள் என்பது. இரண்டையும் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்போம் என்பதற்கு நம்மிடம் கணக்கில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம். அரபும் தமிழும் ஒருங்கே கைவரப் பெற்றவர். ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக மாதச் சம்பளத்தில் இருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு, இசைப்பாடல், நூல்களுக்கு மேலட்டை வரைதல் என்று தம் கலையைக் கொண்டே தனித்து நின்று பிழைப்பதென முடிவு செய்து, துஆச் செய்யும்படி கேட்டு நம்மிடம் வந்தார். துஆச் செய்தோம். அதோடு நின்றிருக்கலாம். ஸுஹைரின் ஓராண்டையும் தபரீயின் நாற்பது ஏட்டையும் எடுத்துச் சொல்லி, "தம்பி, தூக்கத்தை விற்றுத்தான் இலக்கியத்தை வாங்க வேண்டும்" என்று ஒரு வாக்கியமும் சேர்த்துச் சொன்னோம். அழகான வாக்கியம் என்று அப்போது நமக்குத் தோன்றியது.

அவர் நல்ல மாணவர். ஆசிரியர் சொன்னதைச் செய்தார். இஷாவுக்குப் பின் உட்கார்ந்தால் பஜ்ரு வரை எழுத்து, துணைக்குத் தேநீர். பஜ்ரு தொழுதுவிட்டுப் படுத்தால் லுஹருக்கு எழுவது. இரண்டாண்டுகளில் வயிற்றுப்புண் வந்தது. கண் மங்கியது. "பகலில் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது, இரவில் நாங்கள் பேசக்கூடாது, எப்போதுதான் இந்த வீட்டில் வாயைத் திறப்பது?" என்று அவருடைய துணைவியார் நம் வீட்டாரிடம் கேட்டாராம். கடைசியில் ஒருநாள் அவரே வந்தார். இரவு முழுவதும் உட்கார்ந்தால் நான்கு வரி எழுதுவதும் அந்த நான்கையும் அடிப்பதுமாகவே விடிகிறது என்றார். "ஹஜ்ரத், எழுத்து என்னை விட்டுப் போய்விட்டது. எனக்கு இந்தத் தொழில் விதிக்கப்படவில்லை போலிருக்கிறது" என்று சொல்லித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவுதான் 'அல்பயான்' நூலை மீண்டும் எடுத்தோம். ஸுஹைரின் செய்தியும் அதே நூலில்தான் இருக்கிறது. அங்கே ஜாஹிழ் சொல்வது வேறு. பழங்கவிஞருள் சிலர் தம் கவிதையை ஓராண்டு முழுவதும் தம்மிடம் தங்கவிட்டு, அதன்மீது பார்வையைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, தம் அறிவையே ஐயுற்று ஆராய்ந்தார்கள் என்கிறார். அவர் ஆளும் வினைச்சொல் 'விட்டுவைத்தல்' என்ற பொருளுடையது. ஓராண்டு இரவும் பகலும் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார்கள் என்று அங்கே இல்லை. எழுதியதைக் கிடக்கவிட்டு, வேறு வேலை பார்த்து, ஒட்டகம் மேய்த்து, திரும்பி வந்து புதிய கண்ணால் நோக்கினார்கள் என்று கொள்வதே அச்சொல்லுக்குப் பொருத்தம். ஸுஹைரையும் ஹுதைஆவையும் போன்றவர்களை அஸ்மஈ 'கவிதையின் அடிமைகள்' என்று குறிப்பிட்டார் என்பது மெய்தான். ஆனால் அதனைப் புகழுரையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இயல்பாகச் சுரந்து வருவதை விரும்பியவரின் குறையும் அதில் கலந்திருக்கிறது.

தபரீ அவர்களின் நாற்பது ஏட்டுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அவர்களுடைய அன்றாட ஒழுங்கை யாக்கூத் எழுதிவைத்திருக்கிறார். பகலுணவுக்குப் பின் கைலூலா உறக்கம். எழுந்து லுஹர் தொழுது அஸ்ரு வரை எழுத்து. அஸ்ருக்குப் பின் பாடம் நடத்துதல். இஷாவுக்குப் பின் வீடு. நாற்பது ஏட்டைச் சொன்ன நம் நாவில் அந்தக் கைலூலா ஒருநாளும் வரவில்லை. பெரியோரின் வரலாற்றில் உழைப்பை மட்டும் எடுத்து உறக்கத்தை விட்டுவிடுவது அவர்களுக்கு நாம் செய்கின்ற பொய்ச்சாட்சியம் என்றே இப்போது கருதுகிறோம்.

ஏட்டின் நடுப்பகுதி மூன்று படிகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது எல்லாரும் விரும்புவது: சொல் இனிதாகவும் எளிதாகவும், பொருள் தெளிவாகவும் அமைந்துவிடுகின்ற நிலை. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்தவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தட்டும். நம் மாணவர் நின்றிருந்தது இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலே.

இரண்டாம் படியில் சொல் தன் இடத்தில் அமர மறுக்கிறது. இடம் பிடிக்காத விருந்தாளியைப் போலத் தத்தளிக்கிறது. அப்போது வற்புறுத்தாதே, சலித்துக்கொள்ளாதே, அன்றைய பகலோ இரவோ அதனை அப்படியே விட்டுவிடு, ஊக்கம் பிறந்து மனம் ஒழிந்த நேரத்தில் திரும்பி வா. உனக்கு அந்த இயல்பு இருக்குமானால் அது உன் அழைப்புக்கு விடை தராமல் போகாது என்கிறார் பிஷ்ரு.

மகாமாத் ஓதியவர்களுக்கு இங்கே ஹரீரீயின் நினைவு வரும். இப்னு கல்லிகான் தருகின்ற செய்திகளுள் ஒன்றின்படி, நாற்பது மகாமாக்களை எழுதி எடுத்துக்கொண்டு அவர் பஸராவிலிருந்து பக்தாத் சென்றார். இவை இவருடையவையல்ல என்று அங்குள்ளோர் ஐயுற்றனர். அமைச்சர் அவரை அலுவலகத்துக்கு அழைத்து, ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி அதுபற்றி அங்கேயே எழுதுமாறு பணித்தார். மையும் தாளும் பெற்றுக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தவர் நெடுநேரம் அப்படியே இருந்தார், ஒன்றும் வரவில்லை. வெட்கத்தோடு எழுந்து போனார். எண்ணும்போதெல்லாம் தாடியைப் பிடுங்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. அதையும் சேர்த்து ஒருவர் ஏளனக் கவி பாடிவிட்டார். ஊர் திரும்பிய ஹரீரீ மேலும் பத்து மகாமாக்களை எழுதி அனுப்பி, அன்று நாவடைத்துப் போனதற்கு அவையின் அச்சமே காரணம் என்று தெரிவித்தார். ஐம்பது மகாமாக்களாக இன்று நாம் ஓதுகின்ற நூலில் இறுதிப் பத்து அந்தத் தோல்விக்குப் பின் பிறந்தவை என்று கொண்டால், அந்த மூலையிலேயே தம்மைத் திறமையற்றவர் என்று அவர் தீர்த்துக்கட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்?

நம் தமிழில் உடனடியாகப் பாடுகின்ற ஆசுகவிக்குத் தனி மதிப்பு உண்டு. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் அவர்களை நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். எனினும் அது தனியாகப் பயின்று கைவரப்பெறும் ஒரு பேராற்றல். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எல்லா எழுத்தாளர்களையும் அளக்கப் புகுந்தால் ஹரீரீயே தேறமாட்டார்.

மூன்றாம் படிதான் சர்ச்சைக்குரியது. விட்டுவைத்தும் திரும்பி வந்தும் பயனில்லையானால், அந்தக் கலையை விட்டு, உன் மனம் மிக விரும்புவதும் உனக்கு இலேசானதுமான வேறு கலைக்குப் போய்விடு என்கிறார் பிஷ்ரு. ஒரு கலையின்மேல் உனக்கு ஆசை பிறப்பதே உனக்கும் அதற்கும் உறவு இருப்பதனால்தான்; ஒவ்வொன்றும் தன்னை ஒத்ததையே நாடும் என்பது அவர் கூறும் காரணம். இளைஞர்களின் ஊக்கத்தைக் கெடுக்கின்ற பேச்சு இது என்று முன்பு நாம் எண்ணியதுண்டு. பாடம் நடத்தும்போது இவ்விடத்தை வேகமாகக் கடந்துமிருக்கிறோம். இப்போது அப்படி எண்ணவில்லை. பொருந்தாத தொழிலில் ஒருவனை முகத்துக்காகத் தட்டிக்கொடுத்து நிறுத்திவைப்பது அன்பன்று.

ஆனால் அந்தப் படிக்கு பிஷ்ரு வைத்திருக்கின்ற நிபந்தனையில்தான் ஏட்டின் உயிரே இருக்கிறது. இடையூறாக எதுவும் நேராமலும், நெடுநாள் பயிற்சியைக் கைவிடாமலும் இருந்து, அதன் பிறகும் வராவிட்டால் என்று சொல்கிறார். அதாவது தடை இருக்கும்வரை தீர்ப்புக் கூடாது. உறக்கமின்மை தடை, வயிற்றுப்புண் தடை, வாடகை பாக்கி தடை. இரண்டு ஆண்டுகள் உறங்காத ஒருவர், எனக்குத் திறமையில்லை என்று தம்மீது தாமே தீர்ப்பு எழுதினால் அத்தீர்ப்புச் செல்லாது. களைப்பு திறமையின்மையின் வேடம் பூண்டு வரும். உற்றுப் பார்த்தாலன்றி அடையாளம் தெரியாது. மறுநாள் மாணவரை வரவழைத்து இதைத்தான் சொன்னோம். முதலில் நாற்பது நாள் உறங்குங்கள், அதற்குப் பிறகு விதியைப் பற்றிப் பேசலாம் என்றோம். நாம் முன்பு சொன்ன அழகான வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் சொன்னோம். அவர் சிரித்தார், அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

பிஷ்ருவின் ஏட்டில் குறையே இல்லையா? உண்டு. அவர் எதிரே இருந்தவர்கள் பேச்சுக்கலை பயில வந்த இளைஞர்கள். அன்றைய சோற்றுக்கு அவர்கள் பேசியாக வேண்டிய கட்டாயம் இருந்ததாக ஏட்டில் அறிகுறியே இல்லை. நல்ல நேரத்தைத் தேர்ந்துகொள் என்று அவர்களிடம் சொல்லிவிடலாம். எழுதினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவனிடம் அதைச் சொன்னால், நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எனக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பான். ஏடு அந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

அதைப் பாதுகாத்துத் தந்த ஜாஹிழுக்கு அந்தக் கேள்வி தெரியாததன்று. இளமையில் பஸராவின் ஸைஹான் கரையில் அவர் ரொட்டியும் மீனும் விற்றதைக் கண்டவர்கள் உண்டு. புத்தகம் எழுதிப் படியெடுத்து விற்கும் வர்ராக்குகளின் கடைகளை வாடகைக்குப் பிடித்து, இரவில் அங்கேயே தங்கிப் படித்தார். பின்னாளில் இதே 'அல்பயான்' நூலைத் தலைமைக் காழி இப்னு அபீ துஆதுக்குக் காணிக்கையாக்கி 5,000 தீனார் பெற்றார் என்று எழுதுவர். மீன் கூடைக்கும் ஐயாயிரம் தீனாருக்கும் நடுவேதான் பெரும்பாலான தனித்தொழில் கலைஞர்களின் வாழ்வு கிடக்கிறது.

நடுவே அகப்பட்டு நொறுங்கியவர் அபூ ஹய்யான் தவ்ஹீதீ. உரைநடையில் ஜாஹிழுக்கு அடுத்து அவரைத்தான் சொல்ல வேண்டும். பிறர் நூல்களைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார்; அந்தத் தொழிலை அபசகுனத் தொழில் என்று வெறுத்தார். அமைச்சர்களின் வாயிலில் நின்றும் வேண்டியது கிடைக்கவில்லை. முதுமையில் தம் நூல்களைத் தாமே தீயிலிட்டார். அதே தொழிலைச் செய்த கிறித்தவ மெய்யியலாளர் யஹ்யா இப்னு அதீ, ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் நூறு ஏடு வரை படியெடுப்பதாகவும் அதுவும் தமக்குக் குறைவாகத் தோன்றுவதாகவும் இப்னுந் நதீமிடம் சொல்லியிருக்கிறார். தபரீயின் தஃப்ஸீரை இருமுறை தம் கையால் படியெடுத்தவர் அவர். ஒரே தொழில், ஒருவருக்கு அது நஞ்சாயிற்று, மற்றவருக்கு ஊன்றுகோலாயிற்று. தவ்ஹீதீ தம் எழுத்து தமக்குச் சோறு போட வேண்டுமென்று எதிர்பார்த்தார். யஹ்யா படியெடுப்பைச் சோற்றுக்கும் சிந்தனையைச் சிந்தனைக்குமாக வைத்துக்கொண்டார் என்று நமக்குப் படுகிறது. தவ்ஹீதீயைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அவர் எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. நிறைவேற்றாத அன்றைய செல்வர்மீதுதான் குற்றம்.

பிஷ்ரு விட்ட இடத்தை நிரப்புகின்ற செய்தி ஒன்றை இப்னுல் ஜவ்ஸீ (ஹிஜ்ரீ 597) 'ஸைதுல் காதிர்' என்ற நூலில் வைத்துப்போயிருக்கிறார். வீண் பேச்சுப் பேச வருகின்ற விருந்தாளிகளைத் தவிர்க்க முடியவில்லை. தவிர்த்தால் உறவு முறியும். ஆகவே தாள் வெட்டுவது, எழுதுகோல் சீவுவது, ஏடுகளைக் கட்டுவது ஆகிய வேலைகளை அவர்கள் வருகின்ற நேரத்துக்கென்று ஒதுக்கிவைத்தார். இவையும் செய்தே ஆக வேண்டியவை. ஆனால் இவற்றுக்குச் சிந்தனையும் மன ஒருமையும் தேவையில்லை என்பது அவர் கண்ட நுட்பம். வேலை அனைத்தையும் ஒரே தட்டில் வைக்காமல், உள்ளம் தேவைப்படுவது எது, கை மட்டும் போதுமானது எது என்று பிரித்துவிட்டால், நல்ல நேரம் சிறிதளவே கிடைத்தாலும் அதைக் காப்பாற்றிவிடலாம். தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு மேலாளர் இல்லை, மணி அடிப்பாரும் இல்லை. இந்தப் பிரிப்பைச் செய்ய அவனே வேண்டும். செய்யத் தவறினால், காலையின் தெளிந்த பொழுதைக் கைப்பேசிச் செய்திகளுக்கு விடை எழுதுவதில் கரைத்துவிட்டு, சோர்ந்துபோன இரவுப் பொழுதைக் கவிதைக்குக் கொடுப்பான். நம் மாணவர் செய்தது அதுவே.

அவர்மீது மட்டும் பழி போடுவது நீதியன்று. உமறுப் புலவருக்குச் சீதக்காதி வள்ளலும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் வாய்த்தார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம் அப்படிப் பிறந்தது. இன்று நாம் வள்ளல்களைத் தேட வேண்டியதில்லை; செய்வித்த வேலைக்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுத்தாலே போதும். மேலட்டை வரைந்து வாங்கிக்கொண்டு, நூல் விற்றபின் தருகிறோம் என்கிறார்கள். பாடல் எழுதி வாங்கிக்கொண்டு, மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். நம் மாணவரின் வீட்டில் பதினொரு பொன்னாடைகள் இருக்கின்றன; அவற்றுள் இரண்டு நாமே போர்த்தியவை. "இவற்றை எந்தக் கடையில் போட்டு அரிசி வாங்குவது?" என்று அவருடைய துணைவியார் கேட்டது நம் காதிலேயே விழுந்தது.

அவர் இப்போது பிற்பகலில் மெய்ப்புத் திருத்தமும் கணினியில் பக்கம் அமைப்பதுமாகப் பிறர் வேலையைச் செய்கிறார். வீட்டுச் செலவு அதில் நடக்கிறது. பஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம் தமக்கென்று எழுதுகிறார். அந்நேரத்தில் கைப்பேசி அடுக்களை மாடத்தில் துணைவியாரின் பொறுப்பில் இருக்கிறது. எழுத்து முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மொழிபெயர்ப்பு நூலில் பாதி முடிந்திருக்கிறது. பாடல் ஒன்றை ஏழு மாதமாகப் பெட்டியில் கிடக்கவிட்டிருக்கிறார். ஸுஹைரின் கணக்குக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

மலருக்குக் கவிதை கேட்ட அன்பருக்கு நாம் அவருடைய பெயரைத்தான் சொல்லி அனுப்பினோம். மூன்று வாரம் வேண்டும், இன்ன தொகையாகும், பாதியை முன்னதாகத் தர வேண்டும் என்றாராம். அன்பர் நம்மை அழைத்து, "உங்கள் மாணவர் மாறிப்போய்விட்டாரே ஹஜ்ரத்!" என்று குறைபட்டுக்கொண்டார். பிறகு வேறொரு கவிஞரைத் தேடிப் போய்விட்டார்.